சாமி விளக்கும் பூக்காத கஞ்சாச் செடிகளும்

பக்கத்து வீட்டு புஸ்ஸபாவுக்கு எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. என் கடையில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தால்கூட, குழம்பு இன்றைக்கு ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நக்கோன் சவானில் எங்கள் தெருவுக்கே அவளைப் பிடிக்கும், பதில் சொல்லும் வேலை தங்கள் தலையில் விழாதவரை.

கல்யாணத்துக்கு முன்னால் லோப்புரியில் அண்ணனுடைய முட்டைக்கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டவள். விளக்கை எவ்வளவு நேரம் எரியவிட்டால் கோழி நன்றாக முட்டையிடும் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. புருஷன் ஹெங், அப்பா வைத்துவிட்டுப் போன இரும்புச் சாமான் கடையை இழுத்து மூடிய பிறகு, அவள் முறையாக உரிமம் வாங்கினாள். ஒரு மூலிகை ஆஸ்பத்திரியோடு பேசி முடித்தாள். கடை இருந்த முன்னறை கஞ்சா வளர்க்கும் அறையாயிற்று.

"அக்கா, கோழிக்கு வெளிச்சம் கூடணும், இதுக்குக் குறையணும். பொழுது சின்னதாப் போச்சுன்னு தெரிஞ்சாதான் இது பூக்குது. கண்ணா இருக்கு அதுக்கு? எப்படித் தெரியும்?"

"என்னைக் கேட்டா? எனக்கு உலை கொதிச்சாத் தெரியும், அவ்வளவுதான்" என்றேன்.

செடி சின்னதாக இருக்கும்போது நீண்ட வெளிச்சம், வளர்ந்த பிறகு பாதிநாள் வெளிச்சம், பாதிநாள் இருட்டு. எந்தப் பாதி என்பதில்தான் அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் வெயிலில் பகலில் அந்தப் பெரிய விளக்குகளையும் போட்டால் எந்த ஏசியும் தாங்காது. அதனால் ராத்திரி விளக்கு, பகலில் இருட்டு என்று முடிவுசெய்தாள். ஷட்டர் இடுக்கு, கதவுச் சந்து, ஆணி பிடுங்கிய ஓட்டை எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் அடைத்தாள். ஏசியில் மினுக்கும் பச்சைப் பொட்டின் மேல்கூடப் பட்டை ஒட்டினாள்.

அப்படியும் முதல் இரண்டு சுற்றும் சரியாகப் பூக்கவில்லை. ஷட்டர் ஓரத்துச் செடிகள் ஏதோ பேருக்குப் பூத்தன. பின்சுவர் ஓரம், தரையில் இருக்கும் வீட்டுச்சாமி மாடத்தைச் சுற்றி நின்றவை இலையும் கிளையுமாகத் தளதளவென்று வளர்ந்தன, மொட்டு மட்டும் இல்லை. ஹெங்குக்கு வாயெல்லாம் பல்.

"சாமி பக்கத்துல நிக்கிறது எப்படிச் செழிச்சிருக்கு பாத்தீங்களா அக்கா? நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் அவர் பார்வை" என்று என்னிடம் வந்து சொன்னான்.

லோப்புரி அண்ணன் போன்மேல் போன் போட்டான். பண்ணைக்கு ஆள் வேண்டுமாம், அங்கேயே தங்க வேண்டுமாம். மூன்றாவது சுற்றும் பூக்காவிட்டால் அறையை மூடிவிட்டு அவள் போய்விடுவது, சோங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு வரும்போது அண்ணனே கூட்டிப்போவது என்று பேச்சு. ஹெங் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. அவன் செய்ததெல்லாம், இந்த முறை எல்லாத் தொட்டிகளையும் சாமியைச் சுற்றி நெருக்கி வைத்ததுதான்.

பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு மொட்டும் இல்லை. ஒரு மத்தியானம் புஸ்ஸபா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"உள்ள வந்து சும்மா உக்காருங்க அக்கா. இருட்டு நிஜமாவே இருட்டுதானான்னு பாக்கணும்."

"பாத்திரம் கழுவாம கெடக்குடி."

"கெடக்கட்டும்."

உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் இருவரும் சாமியைக் கும்பிட்டோம். கதவைச் சாத்தித் தரையில் உட்கார்ந்தோம். முதலில் அடர்ந்த இலைகளின் இருட்டுதான், வேறு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன்: "உன் மூக்கு தெரியுதுடி. சிவப்பா."

அவள் மெதுவாகத் திரும்பினாள். மாடத்தில் இரண்டு சிவப்பு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஹெங்கின் அப்பா காலத்திலிருந்து ராப்பகலாக எரிபவை. எங்கள் வீடுகளில் அதை யாரும் விளக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சாமி. ஏசியின் பொட்டை மூடியவள் கண்ணுக்கே அது படவில்லை.

"இத்தனை நாளும் செடிங்க தூங்கவே இல்ல அக்கா. பொழுது முடியலன்னு நெனச்சு வளந்துக்கிட்டே இருந்திருக்கு." அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

கூப்பிட்டுச் சொன்னபோது ஹெங்குக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாமியை இருட்டுல உக்கார வைக்கச் சொல்றியா?"

"பகல்ல மட்டுந்தாங்க. ராத்திரி பெரிய விளக்கு எரியும்போது அவரோடதும் எரியட்டும். ஸ்விட்ச் ஒண்ணுதான்."

"அப்பா இருந்தவரைக்கும் ஒரு நாள் அணைச்சதில்ல. என்னால முடியாது."

"சரி. அப்ப நான் பெட்டியைக் கட்டுறேன்."

அவன் மாடத்துக்குள் கைவிட்டு, பிறைபோல வளைந்த இரண்டு மரத்துண்டுகளை எடுத்தான். சாமியிடம் உத்தரவு கேட்பது அதை வைத்துத்தான். கீழே போட்டால் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழ வேண்டும், அதுதான் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் கூடாது என்று பொருள்.

மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தமாகவே சொன்னான்: "இவ போகக் கூடாது. இவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது. விளக்கை அணைக்க விடுங்க."

துண்டுகளைப் போட்டான். இரண்டும் கவிழ்ந்து விழுந்தன.

அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, தைரியம் வரவில்லை. புஸ்ஸபா குனிந்து ஒற்றை விரலால் ஒரு துண்டை நிமிர்த்திப் போட்டாள்.

ஹெங் பார்த்தான். மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கினான். எழுந்துபோய் அவனே பல்புகளை அணைத்தான்.

அண்ணன் வந்தபோது எல்லாச் செடியிலும் மொட்டு வந்திருந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏண்டி, சாமி கூடாதுன்னுதானே சொன்னாரு? பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுல்ல அக்கா, நான் போகக் கூடாதுன்னு? அதுக்கப்புறம் சாமி என்ன சொன்னா என்ன?"