அவளிடம் மிஞ்சிய ஒரு சொல்

"தேத்தண்ணிக்குச் சீப்புப் போடவா?" என்று அன்று காலை என் மனைவி கேட்டாள்.

நான் சிரித்தேன். சீனி என்று சொல்ல வந்து வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் அதைப் பார்த்துவிட்டேன்.

"தலை பாரமாக் கிடக்கு. கொஞ்சம் சாயிறன்," என்றாள். அவள் முழுதாகச் சொன்ன கடைசி வசனம் அது. நான் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போனேன். அன்று சனிக்கிழமை, இரண்டு வகுப்புகள். மத்தியானம் திரும்பியபோது அவள் கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடந்தாள். வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொல் மாறினால் சிரிக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ படுக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதற்குமேல் நான் தரக்கூடிய நல்ல புத்தி எதுவும் என்னிடம் இல்லை.

எங்கள் ஊரான தேற்றாத்தீவிலிருந்து ஓட்டோவில் போனோம். ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த டொக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தின மணிக்குத் தொடங்கின?"

"ஏழரை இருக்கும்."

அவர் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். "இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்டு இருக்கு, சேர். அதுக்கு நேரம் கடந்திட்டு," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் மனைவி தவமணி முப்பது வருடம் அரசாங்க மருத்துவ மாதுவாக வேலை செய்தவள். ஊரார் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வாவிக்கரைக் கிராமங்களுக்கெல்லாம் ஸ்கூட்டியில் போய்க் கர்ப்பிணிகளின் வயிற்றை அளப்பாள், பிறந்த பிள்ளைகளை நிறுப்பாள், மாமிமாரை அதட்டுவாள். பாரிசவாதத்தின் அறிகுறிகள் எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்தவளிடம் சொல்ல வாய் இல்லை. வாய் இருந்த எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வந்தது அஃபேசியா (மூளையின் மொழிப்பகுதி சேதமடைவதால் பேசவும், சிலவேளை பிறர் பேசுவதை விளங்கிக்கொள்ளவும், வாசிக்கவும், எழுதவும் முடியாமல் போகும் நிலை). புத்தி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு இதை விளங்கவைக்க என்னால் முடியவில்லை. அவர்கள் அவள் காதருகே குனிந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலச் சத்தமாக, "என்ன ஆரெண்டு தெரியுதா?" என்று கேட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஒரு சொல் வந்தது. தாதி கஞ்சியை நீட்டியபோது, "வேணாம்," என்றாள் தெளிவாக. நான் அழுதுவிட்டேன். கஞ்சியை எடுத்துவிட்டார்கள். அவள் இடது கையால் கோப்பையை மறுபடி இழுத்து, "வேணாம், வேணாம்," என்று சொல்லியபடியே குடித்தாள்.

அது மட்டும்தான் வந்தது. ஓம், ஆமாம் என்பதற்கும் வேணாம், தண்ணீருக்கும் வேணாம், என்னைக் கூப்பிடவும் வேணாம். மூளையில் ஒரே சொல் தேங்கி, எதைச் சொல்லப்போனாலும் அதுவே வெளியே வருவது இந்த நோயில் சிலருக்கு நடக்கும் என்றார்கள்.

இங்கே எங்கள் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நிரோஷா எங்கள் ஒரே பிள்ளை. நாங்கள் சம்மதிக்காத ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு திருகோணமலைக்குப் போய் நான்கு வருடமாகியிருந்தது. "இனி என்ட வாயால அவளோட ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன்," என்று தவமணி சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். நான் மட்டும் வெளியே நின்று மகளோடு போனில் கதைப்பேன். உள்ளே வந்ததும், "என்னவாம்?" என்று கேட்பாள். சொன்னால் பதில் பேசமாட்டாள். ஆனால் கேட்காமல் இருந்ததில்லை.

பதினோராம் நாள் நிரோஷா வாட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். தளர்ந்த சட்டை போட்டிருந்தாள். கட்டிலுக்கருகே போய், "அம்மா," என்றாள். தவமணி அவளை முகத்திலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "வேணாம்," என்றாள். இன்னும் இரண்டு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வாங்குப் பலகையில் உட்காரவைத்து, அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை என்று மகளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"சொல்லு வருத்தம், நோயால வந்தது எண்டு வைப்பம். முகத்தத் திருப்பினதும் வருத்தமா, அப்பா?"

எழுந்து போகும்போதுதான், "மூண்டரை மாசம்," என்றாள் வயிற்றைத் தொட்டு. எனக்குத் தெரியாத செய்தி. தவமணிக்கு, பார்த்த கணமே தெரிந்திருக்கும்.

இரண்டாம் மாதம் எங்களை ஒரு குழுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதன்கிழமைகளில், ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையொன்றில், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். பேச்சுச் சிகிச்சையாளர் ஓர் இளம்பெண். கூட வந்தவர்களுக்கு ஒரேயொரு விதி: அவர்கள் சொல்லத் திணறும்போது நாங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஆசிரியராக இருந்த எனக்கு இதைவிடக் கடினமான விதி வேறு இல்லை.

தவமணியோடு மூன்று பேர் இருந்தார்கள். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார், மனப்பாடமான ஓதல்களைத் தடங்கலில்லாமல் ஓதுவார், ஆனால் தண்ணீர் கேட்கத் தெரியாது. சித்தாண்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அலுவலக எழுதுவினைஞர் ஆற்றுவெள்ளம்போலப் பேசுவார், ஒரு வசனத்துக்கும் அர்த்தமிருக்காது, அது அவருக்கே தெரியாது. மூன்றாமவர் சந்திரன், வாகரை மீனவர், வயது முப்பத்தெட்டு. அவரிடம் ஒரு சொல்கூட இல்லை. விடியமுன் பஸ் ஏறி வருவார்கள் அவரும் மனைவி கலாவும்.

ஒன்றிலிருந்து பத்துவரை சேர்ந்து எண்ண முயல்வார்கள். கிழமையின் நாட்களைச் சொல்லப் பார்ப்பார்கள். படத்தைக் காட்டினால் கையால் செய்துகாட்டுவார்கள். ஒருவர் திணறினால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். வெளியுலகில் யாரும் தவமணிக்காக அப்படிக் காத்திருக்கவில்லை. அந்த அறைக்குள் அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒருநாள் சிகிச்சையாளர், ஒவ்வொருவருக்கும் மிகத் தேவையான ஒரு சொல்லைச் சொல்லும்படி எங்களைக் கேட்டார். கலா "பசி" என்றாள். ஹாஜியாரின் மனைவி "தண்ணி" என்றார். நான் "நிரோஷா" என்றேன். தவமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை நன்றியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாட்டுப்போல இழுத்து, இடது கையால் மேசையில் தட்டி, அசை அசையாகச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது (பாட்டின் வழியாக மூளையின் மறுபக்கத்தைப் பேச்சுக்குப் பழக்குவது). அந்த முறையில் தவமணிக்காகக் குழு முழுவதும் என் மகளின் பெயரைச் சொல்லியது. நி, ரோ, ஷா. வாரத்துக்கு வாரம். தவமணி தட்டுவாள், தாளம் பிசகாது. உதடு "நி"க்கு விரியும். வெளியே வருவது "வேணாம்."

ஒரு புதன்கிழமை, மழைநாள், திடீரென்று அறையில் கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"நிரோஷா!"

சந்திரன்.

கலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹாஜியார் மேசையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். சந்திரன் மறுபடி மறுபடி சொன்னார். நான் தவமணியைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள், நல்ல கையால் செத்த கையின் மேல். கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது.

அடுத்த வாரம் கலா என்னிடம் வந்தாள். "கோவிக்காதீங்க சேர். இப்ப எல்லாத்துக்கும் அந்தப் பேரத்தான் சொல்றார். சோத்துக்கும் அதான், என்னைக் கூப்பிடவும் அதான்."

"நான் ஏன் கோவிக்கிற, புள்ள?" என்றேன். தனியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நான்காம் மாத முடிவில் சிகிச்சையாளர் பிரசவ விடுமுறையில் போனார். அவருக்குப் பதிலாக ஒருவர் வரும்வரை குழு கூடாது என்றார்கள். கடைசி நாளன்று அவர் தவமணியின் முன்னால் முழங்காலிட்டு, "போயிட்டு வாறன் மிஸ்," என்றார். தவமணி இடது கையை அவர் வயிற்றில் வைத்து, விரல்களால் மெல்ல அழுத்தி, பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். முப்பது வருடத் தொழில் அந்த விரல்களில் அப்படியே இருந்தது.

பதிலாக ஒருவரும் வரவில்லை. வாகரையிலிருந்து கலாவின் போன் வருவது நின்றது. ஹாஜியார் புதன்கிழமை காலையில் உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார் என்று அவர் மனைவி அழுதார். "இண்டைக்கு இல்லெண்டா விளங்குதில்ல சேர்." இரண்டு தடவை நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து எண்ணிப்பார்த்தோம். மூன்றாம் தடவை போக இருந்தபோது, அவருக்கு மறுபடி பாரிசவாதம் வந்து மௌத்தாகிவிட்டார் என்று மரணச் செய்தி வந்தது.

நிரோஷாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு மூன்று மாதமானபோது வீட்டுக்குக் கொண்டு வந்தாள். நான் கெஞ்சிக் கூப்பிட்டேன் என்பதுதான் உண்மை. பிள்ளையைத் தன் தாயின் மடியில் வைத்தாள். தவமணி உச்சிக்குழியைத் தடவினாள். கால்களை மடக்கி விரித்து இடுப்பைப் பார்த்தாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். குனிந்து பிள்ளையின் கழுத்தை முகர்ந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

நிரோஷா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இன்னும் என்னோட கோவமா?" என்று கேட்டாள்.

தவமணி நிமிர்ந்தாள். உதடு விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்," என்றாள்.

மகள் காத்திருந்தாள். அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தவமணி மடியிலிருந்த பிள்ளையை ஒற்றைக் கையால் மெல்ல மகளை நோக்கித் தள்ளினாள். பால் குடிக்கும் நேரமாகிவிட்டது என்று சொன்னாளா, கொண்டு போ என்று சொன்னாளா?

வாசல் படலையடியில் மகளிடம் சொன்னேன்: "ஒவ்வொரு புதன்கிழமையும் உன்ட பேரத்தான் அம்மா சொல்லிப் பாத்தவ."

"சொன்னவவா?"

"இல்ல."

அவள் பிள்ளையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். பிறகு மாதத்துக்கொரு தடவை போன் எடுக்கிறாள். திரும்ப வரவில்லை. அவளை நான் குறைசொல்ல முடியாது. எனக்கே தெரியாத ஒன்றை அவள் எப்படி நம்புவாள்?

ஒன்றரை வருடமாகிறது. இனிப் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்கவேண்டாம் என்று கிளினிக்கில் மெதுவாகச் சொல்லிவிட்டார்கள். அவள் வலது கையை நான்தான் தூக்கிக் கழுவுகிறேன், நகம் வெட்டுகிறேன். என் கைகளைவிட அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். இரவில் புரண்டு படுக்கும்போது அது எனக்குக் கீழே அகப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் என் உடம்பு அசையாமல் கிடக்கப் பழகிவிட்டது.

நாற்பது நிமிடப் பாடவேளைகளாக நாளை வெட்டி வாழ்ந்தவன் நான். இப்போது அவள் உதடு அசையத் தொடங்கினால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். சில நாட்களில் காலைச் சாப்பாட்டிலிருந்து மத்தியானம்வரை அது நீள்கிறது. அவள் முயல்கிறாள், நிறுத்துகிறாள், வாவிப்பக்கம் பார்க்கிறாள், மறுபடி முயல்கிறாள். அடுப்பில் சோறு குழைந்துபோகிறது. நான் எழும்புவதில்லை.