ஆஸ்பத்திரியில் இருக்கும் பட்டாளத்துக்காரன்

திருவனந்தபுரத்தில் மகன் நர்சிங் படிக்கிறான் என்று சொன்னால் எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்பதில்லை. எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். நான் தினமும் காலையில் போகும் சாயாக்கடைக்காரர் சுகுமாரனும் அப்படித்தான் கேட்டார். "ஜெர்மனியோ, யூகேயோ?" "நெய்யாற்றின்கரை" என்றேன். பஸ் போகிற ஊரை அவர் எதிர்பார்க்கவில்லை. பையன் வெளிநாடு போக எழுதும் இங்கிலீஷ் பரீட்சையில் தோற்றுவிட்டான் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, என் கிளாசில் இன்னொரு கரண்டி சீனி போட்டார். அவன் பட்டாளத்திலும் இருக்கிறான் என்று நான் சேர்த்துச் சொன்னதும் என்னை நம்புவதையே விட்டுவிட்டார்.

எங்கள் சொந்த ஊரில் கதை தலைகீழ். திசையன்விளைப் பக்கம் போய், மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்றால் உட்கார நாற்காலி வரும். நர்சிங்கும் படிக்கிறான் என்றால் அந்த நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகாத குறைதான். "ஏன் அத்தான், ஆம்பளப் பிள்ளய பெட்பேன் தூக்கவா படிக்க வைக்கீய?" என்று என் மனைவியின் தம்பி பத்துப் பேர் நடுவில் கேட்டான். அடுத்த வாரமே தன் சர்க்கரை ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து என் மகனுக்கு அனுப்பி, "மருமவனே, இது கூடுதலா? அப்பாட்ட சொல்லாத" என்று கேட்டிருந்தான். பிள்ளை சொல்லவில்லை. நான்தான் போனைப் பார்த்தேன்.

இந்த இரட்டைப் பிழைப்புக்கு எங்கள் ஜெபமே காரணம். நான் எட்டாவது வரை படித்தவன், சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடையில் வேலை. மகன் ஜெபசிங் மிலிட்டரியில் சேர வேண்டும் என்று நான் ஜெபித்தேன். என் மனைவி ரூபி, அவன் நர்ஸாக வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் ஜெபித்திருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவன் பகுதிநேரப் பட்டாளத்தில் சேர்ந்தான். கூப்பிடும்போது போய் இரண்டு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும், மற்ற நாளில் வீட்டோடு இருக்கலாம். அப்புறம் நர்சிங்குக்கும் இடம் கிடைத்தது. கர்த்தர் இரண்டு பேருக்கும் காது கொடுத்தார், அவருக்கு ஸ்தோத்திரம். என்றாலும் ஒருவர் ஜெபத்துக்குப் பதிலைக் கொஞ்சம் தாமதித்திருக்கலாமே என்று சிலசமயம் தோன்றும்.

வார்டில் அவனுக்குப் 'பட்டாளம்' என்று பெயர். ஆக்சிஜன் சிலிண்டர் உருட்ட, பார்வையாளர்களை வெளியேற்ற, எலி விரட்ட எல்லாவற்றுக்கும் அவன்தான். பட்டாளப் பயிற்சி கேம்பில் 'டாக்டர்' என்று பெயர். ஓடி முடித்து எல்லோரும் படுத்துக் கிடக்கையில் இவனிடம் ஆளாளுக்குப் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டுவார்களாம். வார்டில் சிஸ்டர் கூப்பிட்டால் பழக்கதோஷத்தில் காலைத் தரையில் அடித்து நிமிர்ந்து நிற்பான். ஒருநாள் அந்தச் சத்தத்தில், மயக்கம் தெளியாமல் கிடந்த ஒருவர் கண் திறந்துவிட்டார் என்று சொல்லிக் கூடப் படிக்கிறவர்கள் சிரித்தார்கள். வார்டுப் பொறுப்பிலிருந்த லீலாம்மா சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் வருஷத்தில் கேம்புக்கு அழைப்பு வந்தது. நர்சிங் படிப்பில் வார்டு வேலை ஒரு மணி நேரம்கூடக் குறையக் கூடாது. கேம்பில் போகிற நாட்களுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை செய்து, லீலாம்மா சிஸ்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் பரீட்சை. இல்லாவிட்டால் பின்னால் வருகிற பிள்ளைகளோடு அந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். கேம்புக்குப் போகாவிட்டாலோ பட்டாளம் சும்மா விடாது.

அவன் அப்படி வார்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு எங்கள் தமிழ் ஆராதனையில் உபதேசியாரிடம், "ஜெபசிங் ஆஸ்பத்திரியில இருக்கான், பட்டாளத்துக்குப் போறதுக்குள்ள எல்லாம் நல்லபடியா முடியணும், ஜெபம் பண்ணுங்க" என்றேன். அவரும் ஒரு வார்த்தை பிசகாமல் அப்படியே ஜெபித்தார். ஆனால் எங்கள் சபையில் ஒருவர் பெயரையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் அங்கே நல்ல காரியத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆராதனை முடிந்ததும் நோயாளியைப் பார்க்கப் போவது பெண்கள் சங்கத்தின் வழக்கம். நான் வெளியே வருவதற்குள் தலைவி எஸ்தர் அக்கா ரொட்டி, ஆப்பிள், பாட்டுப் புத்தகங்களோடு ஒரு வேன் நிறைய ஆள் ஏற்றிப் போய்விட்டார். ரூபியும் நானும் ஆட்டோ பிடித்துப் பின்னால் ஓடினோம்.

நாங்கள் வார்டுக்குள் நுழையும்போது, வெள்ளைக் கோட்டோடு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த என் மகனை எஸ்தர் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, நீ எதுக்கு எந்திரிச்ச? போய்ப் படு!"

"அக்கா, நான் டூட்டில இருக்கேன்."

"ஐயோ, உடம்பு முடியாத பிள்ளய வேல வாங்குதாவளே, நீங்க நல்லாருப்பீகளா!"

காலியான ஒரு கட்டிலில் அவனைப் பிடித்து உட்கார்த்தி, தலையில் கை வைத்துப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னது பாட்டில் அமுங்கிப்போயிற்று. மூன்றாவது சரணத்தில் லீலாம்மா சிஸ்டர் வந்து, "இவிடே எந்தா நடக்குன்னே?" என்றார். என் மகனின் அந்த வருஷப் படிப்பே அந்தம்மாள் கையில்தான் இருந்தது.

சட்டென்று எழுந்தவன் காலை அடித்து நின்றான். "எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா நில்லு! வாசலப் பாத்துத் திரும்பு! சத்தமில்லாம நட!" போதகர் சொன்னால்கூடக் கேட்காத எங்கள் பெண்கள் சங்கம் வரிசையாகத் திரும்பி நடந்தது. அப்போது கோடிக் கட்டிலிலிருந்து பொன்முடி தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "யம்மா, என்னப் பாக்க யாருமே வரல. எனக்கு ஒருத்தராவது ஜெபம் பண்ணிட்டுப் போங்க. ரொட்டியும் வீணாப் போவுதுல்லா" என்றார். பிள்ளை சிஸ்டரைப் பார்த்தான். அவர் ஒரு விரலைக் காட்டி, "ஒராள் மதி" என்று ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். எஸ்தர் அக்கா தாழ்ந்த குரலில் ஜெபிக்க, பெரியவர் ரொட்டியை மென்றுகொண்டே ஆமென் சொன்னார்.

ஞாயிறுகளில் அவன் ஈடு செய்த மணி நேரம் எல்லாவற்றுக்கும் லீலாம்மா சிஸ்டர் சரி போட்டார், அந்தக் கட்டிலில் அவன் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் தவிர. படுக்கையில் இருப்பவன் நோயாளி, நோயாளிக்கு ஹாஜர் கிடையாது என்பது அவர் வாதம். ரயில் ஏற வேண்டிய நாளில், பச்சை உடுப்பின் மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு என் பிள்ளை அந்த அரை மணி நேரத்தையும் வேலை பார்த்து ஈடுகட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "போயிட்டு வேகம் வா" என்றார் சிஸ்டர். வழியனுப்பக் கூடப் போயிருந்த நான், அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தம்பானூர் ரயில் நிலையத்தில் வண்டி நகரும்போதுதான் கோட்டு நினைவு வந்து, கழற்றி என் கையில் திணித்தான். "யப்பா, அம்மாட்ட சொல்லித் துவைச்சு வைங்க." வண்டி வடக்கே போய்விட்டது. எதிர்ப் பிளாட்பாரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் போகும் நாகர்கோவில் வண்டி நின்றுகொண்டிருந்தது. வெளியே போனால் ரூபி இருக்கும் வாடகை வீடு. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றேன். ஒரு மலையாளத்து அம்மச்சி வந்து, "டாக்டரே, இது ஊணினு முன்போ பின்போ?" என்று மாத்திரை அட்டையை நீட்டினார். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கிறார். எனக்குப் பாத்திரம்தான் தெரியும். "எம்மவன் வந்துருவாம்மா" என்றேன் தமிழில். அவருக்கு என்ன விளங்கியதோ, தலையாட்டிவிட்டு, அவன் வருகிற வரைக்கும் காத்திருப்பவர் போல என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன்.