பட்டன் தேயாத டயர்

ஆம்பூர் பைபாஸில் ஒரு டயர் கடையில்தான் அவரைப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். விரல் நுனிகளில் சாயம் ஊறியிருந்தது. எதைத் தொட்டாலும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார், டீ கிளாஸைக்கூட.

அவருடைய காரிலிருந்து கழற்றிய நான்கு டயர்களிலும், தரையில் படுகிற பட்டன் தேயவே இல்லை. பழைய டயர் தேடி வந்தவன் நான்.

“இத எனக்குக் குடுத்துடுங்க சார்.”

அவர் ஒரு டயரின் பக்கவாட்டை அழுத்தினார். மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன.

“வண்டி ஓடுனது கம்மி சார். வெயில்ல நின்னு நின்னே ரப்பர் செத்துப்போச்சு.”

“பரவால்ல, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்.”

“வண்டில யாரு வருவாங்க?”

“வீட்டுக்காரி, ரெண்டு பசங்க.”

அவர் டிபன் பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்து, நான்கு டயர்களையும் பக்கவாட்டில் நிதானமாகக் கிழித்தார். புது டயருக்கு எக்ஸ்சேஞ்சில் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கும் கோபம்தான் வந்தது. நாட்றம்பள்ளியில் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது போன இடம் தெரியவில்லை. அடுத்த வாரம் புது டயர் வாங்கும்போது, என் கட்டைவிரல் தானாக ரப்பரை அழுத்தியது.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. என் பிள்ளைகளை அவர் பார்த்ததுகூட இல்லை.