வெறும் வயித்து மாத்திரை

எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்செரிச்சல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது. செட்டிகுளத்துல நாங்க வெங்காயம் போடுறவங்க. குனிஞ்சே வேலை செஞ்சு அவருக்கு முட்டி போச்சு. டவுனுக்குப் போறப்பல்லாம் மருந்துக் கடையில வலிக்குன்னு சொல்லி ஒரு செட்டு மாத்திரை மடிச்சு வாங்கிட்டு வருவார். அதைப் போடப் போட வயிறு எரிஞ்சுது. அதுக்கும் அதே கடையில ஒரு மாத்திரை வாங்கினார்.

எங்க பக்கம் மாத்திரைன்னா சோறு தின்னுட்டுத்தான் போடுவோம். வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துடும்னு சொல்லியே புள்ளைங்களை வளர்ப்போம். கடைக்காரர் எரிச்சல் மாத்திரைய வெறும் வயித்துலதான் போடணும்னு சொல்லி அனுப்பியும் இவர் கேக்கல. களியும் கருவாட்டுக் குழம்பும் நெறயத் தின்னுட்டு, அதுக்கு மேல முழுங்குவார். பாதி நாள் கேக்கும், பாதி நாள் கேக்காது. கேக்காத அன்னைக்கு, கடையில வாங்கி வெச்ச ரோஸ் கலர் மருந்தைப் பாட்டிலோட வாயில சாய்ச்சுக்குவார். எரிச்சல் அடங்கிடும்.

"பாத்தியா, வெறும் கேஸுதான்"ம்பார்.

அப்புறம் அவரோட அரணாக்கயிறு இடுப்புல நிக்காம இறங்க ஆரம்பிச்சுது. "இந்தா புள்ள, இதை இறுக்கிப் போடு"ன்னு முதுகைக் காட்டிட்டு நிப்பார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க. சோறும் பாதி வட்டில்லயே நிக்குது."

"உன் குழம்பத் தின்னா யானைகூட இளைக்கும்."

"இத்தன வருசமா இதைத்தான் தின்னீங்க. அப்பல்லாம் இளைக்கலையே?"

சிரிச்சார். நானும் சிரிச்சேன். வெளிக்குப் போனா தார் மாதிரி கருப்பாப் போகுதுன்னு ஒரு நாள் அவரேதான் சொன்னார். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, "கேப்பைக்களி தின்னா வெள்ளையாவா போகும்?"னு அவரே முடிச்சும் வெச்சார்.

வெல ஏறுற வரைக்கும் கெடக்கட்டும்னு வெங்காயத்தைப் பட்டறையில கொட்டி ஓலை மூடின மறுநாள் காட்டுல மயங்கி விழுந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில வாய் வழியாக் குழாய் விட்டுப் பாத்தாங்க. டாக்டரம்மாவுக்கு எம் பேத்தி வயசுதான் இருக்கும். என்னைத் தனியா உக்கார வெச்சாங்க. இரைப்பையில புத்துநோய், ஈரலுக்கும் பரவிடுச்சு, இனிக் காப்பாத்த முடியாதுன்னாங்க.

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனா சொன்னா வெளங்கும். ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னேன்.

பொறுமையாச் சொன்னாங்க. வயித்துல புளிப்புத் தண்ணிய எறைக்கச் சின்னச் சின்ன மோட்டாரு மாதிரி இருக்காம். சோறு விழுந்ததும் அதெல்லாம் ஓட ஆரம்பிக்குமாம். ஓடுறதுக்கு முன்னாடியே மாத்திரை போய்ச் சேரணும், அதான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடச் சொல்றது. ரோஸ் மருந்து, ஊறிக் கெடக்குற புளிப்பைக் கொஞ்ச நேரம் அமத்தும், அவ்வளவுதான். முட்டி வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்குமாம்.

"அப்ப, அவரு சோத்துக்கு முன்னாடி போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சுக்கிச்சு.

"இல்லம்மா. புத்துக்கு அது மருந்தில்ல. எரிச்சல் அடங்கினதால உள்ள இருந்தது வெளிய தெரியல. ஒடம்பு இளைக்குது, கருப்பாப் போகுதுன்னா அன்னைக்கே வந்துருக்கணும்."

யார் முன்னாடியும் நான் கண்ணக் கசக்கினதில்ல. அன்னைக்கும் அழுவல. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

பட்டறையப் பிரிச்சு வெங்காயத்தை விக்கிறதுக்குள்ள அவர் போயிட்டார். குளிப்பாட்டறப்ப அரணாக்கயித்த அறுத்தாங்க. நான் இறுக்கிப் போட்ட முடிச்செல்லாம் வரிசையா அதுல இருந்துச்சு.

இப்ப எனக்கும் எரியுது. டாக்டரம்மாகிட்டயே போனேன். அதே மாத்திரைதான். சொல்ற வரைக்கும் போட்டா போதும், அப்புறம் வந்து காட்டணும், நீங்களாக் கடையில வாங்கி முழுங்கிட்டே இருக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல முழுங்கிட்டு ஒலை வெக்கிறேன். களி கிண்டி எறக்கவும் அரை மணி ஆகவும் சரியாப் போயிடும். ஒருத்திக்குன்னு அளவா மாவு போட எனக்கு இன்னும் கை வரல. ரெண்டு உருண்டை வந்துடுது.