ரெட்டை நாக்கு

"பூனை வாலிலிருந்து கையை எடும்மா" என்கிறார் மகளிடம். வேறொரு தகப்பனாக இருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பான். முடிதிருத்துபவர் மீசைப் பக்கம் கத்தரியைக் கொண்டுவந்தால், "அது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்ப்பா" என்பார். இரண்டு எழுத்தில் ஆகிற காரியத்துக்கு இந்த மனுஷன் ஊரைச் சுற்றி வருகிறாரே என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அந்த இரண்டு எழுத்துச் சொல் 'விடு'. வந்துவிடு, குளித்துவிடு என்று நம் பேச்சில் பாதிச் சொற்களின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர் வாலை நறுக்கி, "வா", "குளி" என்று மட்டும் சொல்வதால், பரம சாதுவான அவர் வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறவர்போல் தோன்றும். கடைத்தெருவில் யாராவது யாரிடமாவது "விடுங்க" என்றால் சட்டென்று அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். மேலே காக்கைதான் பறக்கும்.

துறைமுகத்தில் அவருக்குத் துபாஷி வேலை. கடல் கடந்து வந்து ஆள்கிறவர்களின் கம்பெனி அது. சரக்கு இறக்கும் துரை ஒரு மர மேடையில் நின்று தன் மொழியில் உத்தரவு போடுவார். பக்கத்தில் நிற்கும் இவர் அதை நம் மொழியில் உரக்கச் சொல்லவேண்டும். இரண்டு மொழி பேசுகிறவர் என்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் ரெட்டை நாக்கு. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். "ஒரு நாக்கு சோத்துக்கு, இன்னொண்ணு துரைக்கு" என்று அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்த இரண்டாம் நாக்கு முளைத்தது ஒரு துரை வீட்டின் அடுக்களையில். சின்ன வயதில் அங்கே பாத்திரம் கழுவினார். தட்டு உடைந்தால் ஒரு வசவு, தாமதமானால் ஒரு வசவு என்று கேட்டுக்கேட்டே மொழி படிந்தது. இன்றைக்கும் துரைகளின் மொழியில் ஒருவரை நலம் விசாரிக்கத் திணறுவார். திட்டுவது மட்டும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பிழைப்பில் அந்தத் திறமையை அவர் காட்டியதே இல்லை. துரை முகம் சிவந்து, மூச்சு வாங்க, ஆட்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டி முடித்ததும், "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்னு துரை சொல்றாரு" என்பார். இவ்வளவு நேரம் கத்தியதற்கு இவ்வளவுதானா என்று கேட்டால், "மிச்சமெல்லாம் மரியாதை" என்பார். கீழிருந்து போகும் வசவுகளும் அப்படித்தான் நன்றியாகவும் வணக்கமாகவும் துரையின் காதுக்குப் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் பொய் சொல்லி நடுவில் நிம்மதி காத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

உள்நாட்டு மலைகளை உடைத்து எடுத்த கல் ரயிலில் வந்து, துறைமுகத்தில் கடலுக்குள் நீளும் பாலத்தில் கப்பலேறிப் போகும். போன கல் இரும்பாகி, யந்திரமாகி, பெரிய பெரிய பெட்டிகளில் திரும்பி வரும். "நம்ம கல்லுதான். வெளிநாடு போய்ப் படிச்சுட்டு வந்து நம்மளையே அதட்டுது" என்பார்கள் சுமை இறக்குகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் இவருடைய மைத்துனன், மனைவி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. முன்பெல்லாம் கப்பல்கள் தூரத்தில் நிற்கும், இவன் படகில் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு வருவான். கம்பெனி பாலம் கட்டி நீராவி கிரேனை நிறுத்தியதும் படகுகள் கரையில் கிடந்து காய்ந்து வெடித்தன. இப்போது அவன் வேலை, கிரேனில் தொங்கும் பெட்டி சுற்றாமல் இருக்கக் கீழே நின்று ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்வது. நாளெல்லாம் அவன் தலைக்கு மேல் இரும்பு தொங்கும்.

இவருக்கு முன்னால் அந்த மேடையில் நின்றவர் வயதான துபாஷி ஒருவர். அவர் காலத்தில் ஒருநாள், கிரேனில் தொங்கிய பெட்டி சற்றே சாய்ந்திருந்தது. கீழே நின்றவன் அதை நேராக்கக் கை கொடுத்தான். இருக்கிறபடியே இருக்கட்டும், தொடவேண்டாம் என்றார் துரை, தன் மொழியில். பெரியவர் அதை அழகாகச் சுருக்கி "விடு" என்றார். நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனால் நம் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சும்மா இரு என்றும் பொருள், பிடியைத் தளர்த்து என்றும் பொருள். கிரேன்காரன் கையில் பிரேக் இருந்தது. தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவன் அதை விட்டான். பெட்டிக்கு அடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

விசாரணையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை விசாரித்த துரைகளுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். கம்பெனியில் இருந்த ஒரே துபாஷி குற்றவாளியாக நின்றவர்தான். தன் சார்பில் தானே மொழிபெயர்த்தார், யாரும் நம்பவில்லை. தப்பாகச் சொன்னவர் இப்போது பொய்யும் சொல்கிறார் என்று சிறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. கிரேன்காரனையும் துரத்திவிட்டு, இனி மேடையிலிருந்து வரும் சொல்லை யோசிக்காமல் அந்தக் கணமே செய்யவேண்டும் என்று புதிதாக ஒரு விதியும் போட்டார்கள். பிறகு ஆள் தேடி ரெட்டை நாக்கை மேடையேற்றினார்கள். அன்று அவர் வாய்க்குள் பூட்டிய சொல்தான், வீட்டிலும் திறக்கவில்லை.

மேடையில் இறக்கு, ஏற்று, நிறுத்து என்பதோடு சரி. புதிய கிரேன்காரரைத் தனியே பார்த்து, அந்தச் சொல் எப்போதாவது காதில் விழுந்தால் பிரேக்கைத் தொடவேண்டாம் என்று கெஞ்சியும் வைத்தார். கிரேன்காரர் பிள்ளைகுட்டிக்காரர், பயந்தவர். "உங்க வாயில வந்தா யோசிக்கிறேன். துரை வாயிலேயே வந்தா யோசிக்க நான் யாருங்க?" என்றார். துரை வாயில் நம் மொழி எப்படி வரும் என்று அன்று நிம்மதியாகத் திரும்பினார் ரெட்டை நாக்கு.

வந்தது. உள்ளூர் மொழி தெரிந்த துரைகளுக்குப் பதவி உயரும் என்று மேலிடத்தில் அறிவித்தார்கள். சரக்குத் துரைக்கு ஆசை பிறந்து, இவரிடமே பாடம் கேட்க ஆரம்பித்தார். இவரும் தள்ளு, இழு, பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போனார். ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் கயிறு சுற்றும் இருவர், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் "விடுப்பா" என்றதும் அடங்கிப்போனார்கள். துரைக்கு ஆச்சரியம். அவ்வளவு வலிமையான சொல் என்ன அது என்று கேட்டார்.

ரெட்டை நாக்கு அவசரமாகக் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் கற்றுக்கொள்வார். எனவே வழக்கம்போல ஒரு பொய்யை எடுத்து நீட்டினார். அது அசிங்கமான வசவு, குடும்பத்தில் பிறந்தவர்கள் வாயில் வரக்கூடாது என்றார்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அதுவரை நம் மொழியில் அவருக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடத் தெரியாது. தன் கோபமெல்லாம் இந்தத் துபாஷியின் வாயில் நீர்த்துப்போகிறது என்ற சந்தேகம் வேறு. கிடைத்த ஒன்றை மிட்டாய்போல வாய்க்குள் புரட்டினார். வீடு என்றார், வுடு என்றார், கடைசியில் தெளிவாக விடு என்றார். மறுநாளே தன் நாயைப் பிடித்திருந்த காவல்காரரை, தொப்பி அணியாமல் வந்ததற்காக, "விடு" என்று திட்டினார். காவல்காரர் விட்டார். நாய் கடற்கரை முழுக்க ஓடியது, பின்னால் துரை ஓடினார். பாலத்தில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ஒருவர் மட்டும் அண்ணாந்து கிரேனைப் பார்த்தார்.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உட்காரவைத்துக் கேட்ட மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"துரைகிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"இத்தனை நாளும் பொய்யாவே சொன்னேன்னு உள்ள வைப்பாங்க. பெரியவர் திரும்பி வந்தாரா?"

"சொல்லலைன்னா கீழ நிக்கிறது என் தம்பி."

தம்பியைக் கூப்பிட்டு வேலைக்குப் போகாதே என்றாள். கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த அவன் அக்காவைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தான். "வெளிய நின்னா பசி, உள்ள நின்னா பெட்டி. பெட்டி எப்பவாச்சும்தானே விழும் மாமா" என்றான்.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று நினைப்பார். மேடைப் படி ஏறியதும் துரைக்கு வணக்கம் சொல்வதோடு நின்றுவிடுவார். சரக்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் துரையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். துரைக்குக்கூட அது சங்கடமாக இருந்தது. தன் மீசையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் மின்சார யந்திரத்தின் சக்கரம் ஒரு பெட்டியில் வந்து கிரேனில் தொங்கியது. அதுவரை அந்தப் பாலம் பார்த்த பெட்டிகளிலேயே பெரியது. மைத்துனன் கயிற்றைப் பிடித்திருந்தான், அவனோடு இன்னும் நான்கைந்து பேர். ஈரக் கயிறு கையில் வழுக்கியது. பெட்டி மெல்லத் திரும்பி, ஒரு மூலை மேடையின் கைப்பிடியில் இடித்து, பலகை தெறித்தது. துரை துள்ளிப் பின்வாங்கினார். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. கழுத்து சிவந்தது. கீழே நின்ற மைத்துனனை விரலால் சுட்டிக் காட்டி, மூச்சை இழுத்தார். கிரேன்காரர் பிரேக்கில் கை வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துரையின் மேற்பல் கீழுதட்டில் படிந்தது.

ரெட்டை நாக்கு பாய்ந்து அந்த வாயைப் பொத்தினார். ஆள்கிறவர்களின் மேல் ஒரு விரல் பட்டாலே என்ன ஆகும் என்று அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவர் உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தினார். துரை உறுமினார், திமிறினார், மீசை உள்ளங்கையில் குத்தியது. பாலத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த நிசப்தத்தில் அவருடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "பிரேக்கை அப்படியே பிடிச்சுக்கண்ணே. கீழ இருக்கிறவங்க எல்லாரும் வெளிய வாங்க."

ஒவ்வொருவராக வந்தார்கள். மைத்துனன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கடைசியாக வந்தான்.

"இப்ப மெதுவா இறக்கு."

பெட்டி தரையில் உட்கார்ந்தது. காவல்காரர்கள் மேடைப் படிகளில் தடதடவென்று ஏறிக்கொண்டிருந்தார்கள். ரெட்டை நாக்கு கையை எடுத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை இழுத்து, துரையின் மீசையில் படிந்திருந்த ஈரத்தை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, வலிக்காமல் துடைத்தார்.