முழங்கைச் சத்தம்

அவரை எல்லோரும் ரேடியோக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் தொழில் முடி வெட்டுவது. கடையில் பாட்டு எப்போதும் காதைப் பிளக்கும். "கொஞ்சம் குறைங்கண்ணே" என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். பாட்டின் மேல் அவருக்கு அப்படியொன்றும் பிரியம் கிடையாது. வலது முழங்கையை மடக்கி நீட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கத்தரி பிடித்த கை, உட்கார்ந்திருப்பவரின் காதருகே அல்லவா இருக்கிறது!

அந்தக் கை பிறவியிலேயே ஒரு மாதிரி. கவிழ்ந்த உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வராது. பள்ளியில் கையை நீட்டச் சொன்ன வாத்தியார், திமிர் என்று நினைத்துப் புறங்கையிலேயே போட்டார். அன்று முதல் மறைத்தே பழகிவிட்டார். தோளைச் சாய்த்து, உடம்பை வளைத்துத் தொழிலையும் கற்றுக்கொண்டார். சத்தம் சில வருடங்களாகவே உண்டு; உயிர் போகிற வலி சேர்ந்துகொண்டது சமீபத்தில்தான்.

ஒரு நாள் பஸ் டிரைவர் ஒருவருக்குச் சவரம் செய்யும்போது முழங்கை சொடுக்கியது. கத்தி தாடையில் கீறிவிட்டது.

"நீங்க தலையை ஆட்டிட்டீங்க," என்றார் பட்டென்று.

"அப்படியாப்பா? மன்னிச்சுக்கோ," என்று வெட்டுப்பட்டவரே சொல்லிவிட்டுப் போனார். ரேடியோக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சோற்றைப் பிசைய முடியாமல் அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்த மனைவி, மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான்கு வயது மகளும் கூட வந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "முன்கையில ரெண்டு எலும்பும் தனித்தனியா இருக்கணும். உங்களுக்குப் பிறவியிலேயே ஒட்டியிருக்கு. கை திரும்பாததால முழங்கைக்குத்தான் எல்லாச் சுமையும். அங்க ஒரு தசைநார் எலும்பைத் தாண்டித் தாண்டிக் குதிக்குது. அதைச் சரி பண்ணிடலாம். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"யாருக்கும் இல்லீங்க," என்றாள் மனைவி.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பாப்பாவுக்கு இருக்கு."

"நம்ம பாப்பாவுக்கா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கைக்குழந்தையில... குளிப்பாட்டும்போதே."

எதைக் கொடுத்தாலும் மகள் கையைக் கவிழ்த்தே நீட்டுவாள். "ஒழுங்கா வாங்கத் தெரியாதா?" என்று மனைவி அதட்டுவாள், ஒருமுறை அடித்தும்விட்டாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் தன் கை அம்பலமாகிவிடுமே!

டாக்டர் குழந்தையின் கைகளைப் பிடித்துப் பார்த்தார். வலக்கைதான். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வளர வளரப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வந்ததும் மனைவி சண்டை பிடிக்கவில்லை. "நான் அவளை அடிச்சேனே... அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள். அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சத்தம் நின்றது, வலியும் மெல்ல விட்டது. கட்டுப் பிரிக்கும்வரை மனைவிதான் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள், பொத்தான் போட்டாள், சோறு ஊட்டினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஒவ்வொரு வாய்க்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.