சியோனேயின் தாய் பார்க்காத ஆட்டங்கள்

வெஸ்ட்கேட்டில் எங்கள் புது வீட்டில் அம்மா முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தார். அந்தக் காரமான வாசம் என்னை ஒடாஹுஹுவில் நாங்கள் முன்பு இருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே மாலையானால் இதே வாசம் வேலி கடந்து வரும். பக்கத்து வீட்டுத் தொங்கா நாட்டுத் தாய், ரக்பி ஆடிவிட்டு வரும் மகன் சியோனேயின் தோள்களில் தைலம் தேய்ப்பார். பிறகு அவன் அமெரிக்கக் கால்பந்து ஆட அமெரிக்காவுக்கே போனான். பந்தோடு ஓடிவருபவனை மோதி விழுத்துவதுதான் அவன் வேலை. முதல் வருடமே அணி அவனை வேண்டாமென்று அனுப்பிவிட, வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

"இனி என்ன செய்யப்போறாய்?" என்று அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு அணிதானே வேண்டாமென்றது, அங்கிள்," என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், மழையிலும், தகப்பனின் பழைய வேனை எங்கள் தெருவில் தள்ளித் தள்ளிப் பயிற்சி எடுத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தாய் கண்ணாடியில் மகனையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் வேறோர் அணி அவனை எடுத்தது. அதன்பின் அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அவன் ஆட்டத்தை இரு குடும்பமும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்ப்போம். விழுத்திய ஆளுக்கு அவனே கைகொடுத்துத் தூக்கிவிடுவான். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறையும். அவன் தாய் மட்டும் ஆட்டம் முடியும்வரை சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார்.

"கேள்விப்பட்டனியே?" என்றார் அம்மா, தைலப் போத்தலை மூடியபடி. "சியோனே விளையாட்டை விட்டிட்டானாம். தாய் போன் எடுத்தவ."

"கவலைப்பட்டவவோ?"

"இல்லை. இனித்தான் பயமில்லாமல் அவன்ர பழைய ஆட்டமெல்லாம் முதலிலயிருந்து பாக்கப்போறாவாம்."